ஃபிரான்ஸ் கிளம்மர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குளிர்கால ஒலிம்பிக் நெருங்கும்போதெல்லாம் ஒரு பழைய காணொலி மறுபடி சுற்றுக்கு வந்துவிடுகிறது. மஞ்சள் உடை அணிந்த ஓர் இளைஞர், விழுந்துவிடுவார் என்று நாம் பயப்படும் வேகத்தில், மலைச்சரிவில் பாய்ந்து வருகிறார். அதைப் பார்த்தவர்கள் ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். அவற்றைக் கேட்டவர்களின் சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன்.

யார் இந்தக் கிளம்மர்? சுருக்கமாகச் சொல்லுங்கள்.

ஆஸ்திரியாவின் டவுன்ஹில் பனிச்சறுக்கு வீரர். பிறந்தது 1953 டிசம்பர் 3. 1976இல் இன்ஸ்ப்ரூக் ஒலிம்பிக்கில் டவுன்ஹில் தங்கம் வென்றார். ஒவ்வொரு குளிர்காலத்திலும் பல ஊர்களில் நடக்கும் உலகக்கோப்பைத் தொடரில் 25 டவுன்ஹில் பந்தயங்களை வென்றிருக்கிறார். ஆண்களில் அந்த எண்ணிக்கையை இன்னும் யாரும் தொடவில்லை. ஆண்டு முழுவதற்குமான டவுன்ஹில் கோப்பை 1975 முதல் 1978 வரை தொடர்ந்து நான்கு முறையும், பிறகு 1983இல் ஒரு முறையும் அவர் கைக்கு வந்தது. 1985இல் ஓய்வு பெற்றார்.

டவுன்ஹில் என்றால் மேலிருந்து கீழே வருவதுதானே? இறங்குவதற்கு என்ன திறமை வேண்டும்?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்களைக் குறை சொல்ல முடியாது. பனியையே பார்க்காத ஊரில் வளர்ந்தவர்களுக்கு அப்படித்தான் தோன்றும். மலைச்சரிவில் சுமார் மூன்று கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு தடம். இடையிடையே வாயில்கள் நட்டிருப்பார்கள். ஒன்றைத் தவறவிட்டாலும் ஆட்டத்திலிருந்து வெளியே. ஒரே ஒரு ஓட்டம், இரண்டாம் வாய்ப்பு கிடையாது. ஒருவர் பின் ஒருவராகத்தான் இறங்குவார்கள். கடிகாரம் மட்டுமே எதிராளி. வேகம் மணிக்கு நூறு கிலோமீட்டரைத் தாண்டும். நெடுஞ்சாலையில் காரை அந்த வேகத்தில் ஓட்டினாலே பக்கத்தில் இருப்பவர் கைப்பிடியை இறுகப் பற்றிக்கொள்வார். இங்கே காலில் கட்டிய ஸ்கீ என்ற இரண்டு பலகைகள்தான் வாகனம், தரை முழுக்கக் கடினமான பனிக்கட்டி.

திறமை இருப்பது திருப்பங்களில். எங்கே திருப்பத்தைத் தொடங்குவது, எந்தக் கோட்டில் போவது, மேட்டில் எகிறும்போது காற்றில் எவ்வளவு நேரம் இருப்பது என்பதையெல்லாம் பந்தயத்துக்கு முந்தைய நாட்களின் பயிற்சி ஓட்டங்களில் மனப்பாடம் செய்கிறார்கள். சமமான பகுதிகளில் உடலைச் சுருட்டிக் காற்றைக் கிழித்துச் சறுக்கத் தெரிய வேண்டும். செங்குத்தான பகுதிகளில் பயத்தை அடக்கத் தெரிய வேண்டும். இரண்டும் ஒருவரிடம் சேர்ந்து இருப்பது அரிது.

பணக்கார வீட்டுப் பிள்ளையா? இது செலவு பிடிக்கும் விளையாட்டாயிற்றே.

இல்லை. கேரிந்தியா மாகாணத்தில் மூஸ்வால்ட் என்ற சிறிய மலைக்கிராமம், விவசாயக் குடும்பம். குளிர்காலத்தில் பள்ளிக்கூடத்துக்கே சறுக்கிக்கொண்டுதான் போனார். ஆஸ்திரியப் பனிச்சறுக்கின் கோட்டை என்று பெயர் பெற்றவை மேற்கிலுள்ள டிரோல், ஃபோரார்ல்பெர்க் மாகாணங்கள். தெற்கு ஓரத்திலிருந்து வந்த ஒரு பையன் தேசிய அணிக்குள் நுழைவது அவ்வளவு எளிதாக இருந்திருக்காது. இன்று அதே கேரிந்தியாவில், பாட் கிளைன்கிர்ஷ்ஹைம் ஊரில், ஓர் உலகக்கோப்பைத் தடமே அவர் பெயரில் இருக்கிறது.

1976 ஒலிம்பிக்கில் திடீரென்று வந்து ஜெயித்தவர்தானே? அதற்கு முன்பு யாருக்கும் தெரியாதாமே?

தலைகீழ். 1976இல் அவர் தோற்றிருந்தால்தான் அது திடீர்ச் செய்தி.

1973 டிசம்பரில் ஷ்லாட்மிங்கில் முதல் உலகக்கோப்பை வெற்றி, வயது இருபது. சில வாரங்களில் சான் மோரிட்ஸில் நடந்த உலகச் சாம்பியன் போட்டியில் டவுன்ஹில்லில் வெள்ளி, பல பிரிவுகளின் முடிவுகளைச் சேர்த்துக் கணக்கிடும் கூட்டுப் பிரிவில் தங்கம். அடுத்த பருவத்தில், அதாவது 1974-75இல், நடந்த ஒன்பது டவுன்ஹில் பந்தயங்களில் எட்டை வென்றார். தவறிய ஒன்று பிரான்சின் மெஜேவ். அங்கே ஓடும்போதே ஸ்கீ கழன்றுவிட்டது. சுவிட்சர்லாந்தின் வெங்கனில் இரண்டாவதாக வந்தவரைவிட 3.54 வினாடி முன்னால் இருந்தார். வினாடியின் நூறில் ஒரு பங்கில் வெற்றி தோல்வி முடிவாகும் விளையாட்டில் இது மற்ற அனைவரையும் வேறு வகுப்பில் உட்கார வைப்பதற்குச் சமம். அதற்கடுத்த வாரங்களில் கிட்ஸ்பூலில் இத்தாலியின் குஸ்தாவ் தோனியை 0.01 வினாடியில் முந்தினார் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அவருக்குப் பெரிய வெற்றியும் வந்தது, மயிரிழை வெற்றியும் வந்தது.

எட்டு பந்தயம் வென்றவருக்கு அந்த ஆண்டின் ஒட்டுமொத்தக் கோப்பை ஏன் கிடைக்கவில்லை? ஏதும் அரசியலா?

அரசியல் இல்லை, கணக்கு. ஒட்டுமொத்தக் கோப்பைக்கு எல்லாப் பிரிவுகளின் புள்ளிகளும் சேரும். அன்று வேகப் பிரிவு என்று இருந்தது டவுன்ஹில் ஒன்றுதான். நெருக்கமான வாயில்களுக்கிடையே வளைந்து வளைந்து ஓடும் நுட்பப் பிரிவுகளோ ஸ்லாலம், ஜயண்ட் ஸ்லாலம் என்று இரண்டு. டவுன்ஹில் வீரருக்குக் கைகொடுத்திருக்கக்கூடிய சூப்பர்-ஜி உலகக்கோப்பைக்குள் வந்தது 1982-83இல்தான்.

அப்படியிருந்தும் 1975 மார்ச்சில் கடைசிப் பந்தயத்துக்கு வந்தபோது கிளம்மர், தோனி, ஸ்வீடனின் இங்கமார் ஸ்டென்மார்க் மூவரும் சமப் புள்ளிகளில் நின்றார்கள். அந்தக் கடைசிப் பந்தயம், வால் கார்டேனாவில் நடந்த இணை ஸ்லாலம். இருவர் அருகருகே இறங்குவார்கள்; தோற்றவர் வெளியே. உலகின் சிறந்த டவுன்ஹில் வீரருக்கும் சிறந்த ஸ்லாலம் வீரர்கள் இருவருக்கும் இடையிலான வழக்கை ஸ்லாலத்தில் தீர்த்தார்கள். கிளம்மர் முதல் சுற்றிலேயே வெளியேறினார். தோனி ஸ்டென்மார்க்கை வென்று கோப்பையை எடுத்துக்கொண்டார். விதிப்படி சரி. நியாயமா என்று கேட்டால், என் பதில் இல்லை என்பதுதான்.

இன்ஸ்ப்ரூக் ஓட்டத்தைப் பற்றி ஏன் இவ்வளவு பேச்சு? தங்கப் பதக்கம் எத்தனையோ பேர் வாங்கியிருக்கிறார்கள்.

மூன்று காரணங்கள் ஒன்றின் மேல் ஒன்றாக ஏறிக்கொண்டன. முதலாவது, ஆஸ்திரியாவின் பசி. ஒலிம்பிக் டவுன்ஹில் தங்கத்தை ஆஸ்திரியர் கடைசியாக வென்றது 1964இல், எகோன் சிம்மர்மான், இன்ஸ்ப்ரூக்கின் இதே பட்ஷர்கோஃபெல் மலையில். 1972இல் ஆஸ்திரிய வீரர் கார்ல் ஷ்ரான்ஸை விளம்பர வருமானக் குற்றச்சாட்டில் சப்போரோ ஒலிம்பிக்கிலிருந்து வெளியேற்றியபோது நாடே கொந்தளித்தது. இந்த ஒலிம்பிக்கும் இன்ஸ்ப்ரூக்குக்கு எதிர்பாராமல் வந்ததுதான். அமெரிக்காவின் டென்வருக்குக் கொடுத்ததை, அந்த நகரம் இருக்கும் கொலராடோ மாநில மக்கள் வாக்களித்து வேண்டாம் என்றுவிட்டார்கள். தொடக்க விழா பிப்ரவரி 4. டவுன்ஹில் மறுநாளே. மலையடிவாரத்தில் கூடியவர்கள் சுமார் 60,000 பேர் என்பார்கள். முந்தைய கேள்வியில் சொன்ன எட்டு வெற்றிகளுக்குப் பிறகு அவர்கள் யாருமே வெள்ளிப் பதக்கம் பார்க்க வரவில்லை.

இரண்டாவது, எதிராளி. சுவிட்சர்லாந்தின் பெர்ன்ஹார்ட் ருஸ்ஸி 1972இன் தங்க வீரர். மூன்றாம் எண்ணில் இறங்கி 1 நிமிடம் 46.06 வினாடி என்று வைத்துவிட்டார். ஒரு பிசகும் இல்லாத, கைதேர்ந்த ஓட்டம். அதன் பிறகு வந்த எவராலும் அதை நெருங்க முடியவில்லை.

மூன்றாவதுதான் நீங்கள் காணொலியில் பார்ப்பது. கிளம்மர் பாதி வழியில் ருஸ்ஸியைவிட ஏறத்தாழ 0.2 வினாடி பின்தங்கியிருந்தார். மீதியிருந்த தூரத்தில் அதை அடைத்து, மேலும் 0.33 வினாடியைப் பிடுங்கினார். 1:45.73. இத்தாலியின் ஹெர்பர்ட் பிளாங்க் வெண்கலம். அமெரிக்கத் தொலைக்காட்சியும் அதை ஒளிபரப்பியதால், பனிச்சறுக்கே தெரியாத வீடுகளிலும் அந்த மஞ்சள் உடை பிரபலமாகிவிட்டது.

அவருக்கு 15ஆம் எண் கிடைத்தது அதிர்ஷ்டம் என்கிறார்கள், துரதிர்ஷ்டம் என்றும் சொல்கிறார்கள். எது சரி?

இரண்டிலும் கொஞ்சம் உண்மை. அன்றைய முறைப்படி முன்னணி வீரர்கள் 15 பேருக்குள் சீட்டுக் குலுக்கி எண் கொடுப்பார்கள். கிளம்மருக்கு வந்தது அந்தக் குழுவின் கடைசி எண். முன்னால் இறங்கிய 14 பேரின் ஸ்கீ விளிம்புகள் தடத்தைக் கீறி, திருப்பங்களில் பள்ளமும் அலையும் உண்டாக்கிவிட்டன. காணொலியில் அவர் கால்கள் தடதடவென்று அடிபடுவதை உற்றுப் பாருங்கள். பாதிக்கு மேல் அந்தப் பள்ளங்களின் வேலை.

நன்மை என்னவென்றால், எந்த நேரத்தை முறியடிக்க வேண்டும் என்பது தெரிந்தே கிளம்பினார். அது நன்மையா, கூடுதல் சுமையா என்பது ஆளைப் பொறுத்தது. பெரும்பாலானோருக்குச் சுமை.

விழப்போகிற மாதிரியே வருகிறாரே. அது அவர் பாணியா, தடுமாற்றமா?

தடுமாற்றம்தான். ஆனால் தெரிந்தே வரவழைத்துக்கொண்ட தடுமாற்றம். அவருடைய மற்ற ஓட்டங்களைப் பார்த்தால் இவ்வளவு கை வீச்சு இருக்காது. மேல் பாதியில் பின்தங்கிவிட்டதை உணர்ந்தவர், கீழ்ப் பாதியில் பாதுகாப்பான கோட்டைக் கைவிட்டார். குறிப்பாக பெர்னெக் என்ற பகுதியில், மற்றவர்கள் போகாத உயரமான கோட்டைப் பிடித்தார். வேலியோரத்தில் நின்ற கூட்டத்துக்குள் புகுந்துவிடுவார் போலிருந்தது. நீண்ட சுற்றுதான், ஆனால் வேகம் குறையாமல் அடுத்த சரிவுக்குள் நுழைய அது வழிவிட்டது. ஒற்றைக் காலில், கை காற்றில் அலைய வருகிற அந்தச் சில நொடிகளில் உடம்பின் மேல் பாதியை மறந்துவிட்டு ஸ்கீயை மட்டும் பாருங்கள். அது கீழ்நோக்கியே இருக்கும். தடுமாறுகிறவர்களுக்குப் பலகை பக்கவாட்டில் திரும்பி வேகத்தைத் தின்றுவிடும், இவருக்குத் திரும்பவில்லை. ருஸ்ஸியின் ஓட்டம் அழகு, இவருடையது வேகம்.

ஒலிம்பிக்குக்கு முன் கம்பெனி கொடுத்த புது ஸ்கீயை வேண்டாம் என்றாராமே?

ஆமாம். அவருக்கு ஸ்கீ தந்தது ஃபிஷர் நிறுவனம். முனையில் துளையிட்ட புது வடிவம் ஒன்றை அவர் காலில் மாட்டி ஒலிம்பிக்கில் இறக்க அவர்களுக்கு ஆசை. விற்பனைக்கு அதைவிடப் பெரிய விளம்பரம் ஏது? கிளம்மர் அதைச் சோதித்துப் பார்த்தார், திருப்தியில்லை, பழகிய பழைய ஸ்கீயிலேயே இறங்கினார். 22 வயதில், சொந்த நாட்டில் நடக்கும் ஒலிம்பிக்குக்குச் சில நாட்களுக்கு முன், படியளக்கும் நிறுவனத்திடம் முடியாது என்று சொல்வது சின்ன விஷயமில்லை. எனக்கு அந்த ஓட்டத்தைப் போலவே இந்த மறுப்பும் பிடிக்கும்.

கிட்ஸ்பூல், கிட்ஸ்பூல் என்கிறார்களே, அங்கே என்ன விசேஷம்?

ஆஸ்திரியர்களைக் கேட்டால் பலர் ஒலிம்பிக்குக்கு இணையாக அதைச் சொல்வார்கள். கிட்ஸ்பூலின் ஷ்ட்ரைஃப் தடம் 3.3 கிலோமீட்டர், உயர வித்தியாசம் 860 மீட்டர். கிளம்பிய சில வினாடிகளிலேயே ‘எலிப்பொறி’ என்று பெயரிட்ட பகுதி வருகிறது. சரிவு 85 சதவீதம் வரை செங்குத்து. வீரர் அதில் சறுக்குவதில்லை, தூக்கி எறியப்படுகிறார். முடிவில், கால் தசைகள் எரியும் நேரத்தில், ஹவுஸ்பெர்க் என்ற மேட்டிலிருந்து பாய்ந்து, பக்கவாட்டில் சாய்ந்த சரிவைக் கடக்க வேண்டும். பலருடைய விளையாட்டு வாழ்க்கை அங்கேயே முடிந்திருக்கிறது.

கிளம்மர் அங்கே 1975, 1976, 1977 என்று தொடர்ந்து மூன்று முறை வென்றார். நான்காவது வெற்றி 1984இல். பிற்காலத்தில் சுவிட்சர்லாந்தின் டிடியே கூஷ் ஐந்து முறை வென்று அந்த எண்ணிக்கையைத் தாண்டினார். இருந்தாலும் 1977க்கும் 1984க்கும் நடுவில் இருக்கும் ஏழு ஆண்டு இடைவெளிதான் கிளம்மரின் கணக்கை வேறு விதமாக ஆக்குகிறது. அதற்கு அடுத்த இரண்டு பதில்களைப் பாருங்கள்.

1980 ஒலிம்பிக்கில் ஏன் தங்கத்தைத் தக்கவைக்கவில்லை? காயமா?

போட்டியிடவே இல்லை. அணியில் இடம் கிடைக்கவில்லை. ஒரு நாட்டுக்கு நான்கு இடம்தான். ஆஸ்திரியாவில் அப்போது தகுதியுள்ள டவுன்ஹில் வீரர்கள் அதைவிட அதிகம். நடப்புச் சாம்பியனை வீட்டில் விட்டுவிட்டு அணி லேக் பிளாசிட் போனது. மாற்று வீரராகப் போன லியோன்ஹார்ட் ஷ்டொக் பயிற்சி ஓட்டங்களில் வேகமாக இருந்ததால் அணிக்குள் எடுக்கப்பட்டு, தங்கமே வென்றுவிட்டார். தேர்வாளர்கள் மீது கோபப்பட இடமில்லாமல் போயிற்று.

அவ்வளவு வென்றவர் திடீரென்று எப்படித் தோற்க ஆரம்பித்தார்?

1978 மார்ச்சுக்குப் பிறகு மூன்று முழுப் பருவங்கள் ஒரு வெற்றிகூட இல்லை. 24 வயதுக்குள் 22 டவுன்ஹில் வென்றவருக்கு இது நடந்தது. ஒற்றைக் காரணம் சொல்பவர்களை நம்பாதீர்கள். 1977இல் அவருடைய தம்பி ஒரு டவுன்ஹில் பந்தயத்தில் விழுந்து முதுகெலும்பு முறிந்து, சக்கர நாற்காலியோடு வாழ வேண்டியதாயிற்று. அதற்குப் பிறகும் அண்ணன் அதே வேலையைத்தான் செய்தாக வேண்டும். இடையில் ஃபிஷரை விட்டு வேறு நிறுவனத்தின் ஸ்கீக்கு மாறியதும் கைகொடுக்கவில்லை. பலகையின் மேல் நம்பிக்கை போனால் டவுன்ஹில் வீரர் திருப்பத்தில் அரை நொடி தயங்குவார். தயங்கினால் முடிவுப் பட்டியலில் இருபதாவது இடம்.

1981 டிசம்பரில் பிரான்சின் வால் தீசேரில் மறுபடி வென்றார். 1983இல் ஆண்டுக் கோப்பையையே மீட்டார். 1984 ஜனவரியில், 30 வயதில், ஷ்ட்ரைஃப்பில் நான்காவது வெற்றி. அதுதான் அவருடைய கடைசி உலகக்கோப்பை வெற்றியும். இன்ஸ்ப்ரூக் ஓட்டத்தை எல்லோரும் பார்க்கிறார்கள். என்னைக் கேட்டால், அவரை அறிய விரும்புகிறவர்கள் பார்க்க வேண்டியது 1984 கிட்ஸ்பூல். இளமையில் பயமறியாமல் இறங்குவது ஒரு வகை. தம்பிக்கு நேர்ந்ததைப் பார்த்துவிட்டு, மூன்று ஆண்டு தோற்றுவிட்டு, அதே எலிப்பொறியில் மறுபடி குதிப்பது வேறு வகை.

பில் ஜான்சனோடு அவருக்கு ஏதோ வாய்ச்சண்டையாமே?

1984 ஜனவரியில் வெங்கனில் அமெரிக்காவின் பில் ஜான்சன் எதிர்பாராமல் வென்றபோது, கிளம்மர் அவரை ‘மூக்கு நோண்டி’ என்ற பொருளில் ஒரு சொல்லால் ஏளனம் செய்ததாகச் செய்தி வந்தது. ஜான்சன் சளைத்தவரில்லை, சரயேவோ ஒலிம்பிக்கில் தங்கம் எனக்குத்தான் என்று முன்கூட்டியே அறிவித்தார், சொன்னபடி வென்றும் காட்டினார். கிளம்மர் பத்தாவது. சரயேவோவின் தடம் சமமான பகுதிகள் அதிகம் உள்ளது. உடலைச் சுருட்டி வழுக்கிக்கொண்டு போவதில் ஜான்சன் மன்னர். தடம் அவருக்கு ஏற்றது என்பது உண்மை. கிளம்மரின் வாய் சும்மா இருந்திருக்கலாம் என்பதும் உண்மை.

அந்தக் காலத்தில் அமெச்சூர் விதி இருந்ததே, அவருக்குச் சம்பாத்தியம் எப்படி?

காகிதத்தில் எல்லோரும் அமெச்சூர், அதாவது விளையாட்டில் காசு வாங்காதவர்கள். நடைமுறையில் ஸ்கீ, காலணி, மெழுகு செய்யும் நிறுவனங்களின் பணம் சங்கத்தின் வழியாக வீரர்களுக்கு வந்தது. எல்லோருக்கும் தெரிந்த இரகசியம். ஷ்ரான்ஸ் ஒருவரை மட்டும் 1972இல் பலியாடு ஆக்கியதால்தான் மேலே சொன்ன கொந்தளிப்பு. கிளம்மர் தலைமுறைக்கு நிலைமை தளர்ந்துவிட்டது.

ஓய்வுக்குப் பிறகு என்ன செய்தார்?

வேகத்தை விடவில்லை, சில ஆண்டுகள் டூரிங் கார் பந்தயங்களில் ஓட்டினார். 1998இல் அவர் பெயரில் ஓர் அறக்கட்டளை தொடங்கியது. விளையாட்டில் பலத்த காயமடைந்தவர்களுக்கு உதவுகிறது. எதனால் இந்தத் துறை என்பதற்கு மேலே பதில் இருக்கிறது. 2012இல் இன்ஸ்ப்ரூக்கில் முதல் இளையோர் குளிர்கால ஒலிம்பிக் நடந்தபோது, 1976இன் நினைவாக ஏற்றிய சுடர்க்கலம் அவர் கையால்தான் எரிந்தது.

ஹெர்மான் மையரைவிடப் பெரியவரா?

மொத்தக் கணக்கில், பிற்கால ஆஸ்திரிய வீரரான மையர்தான். அவருக்கு 54 உலகக்கோப்பை வெற்றிகள். கிளம்மருக்கு டவுன்ஹில் 25, கூட்டுப் பிரிவில் ஒன்று, ஆக 26. மையர் சூப்பர்-ஜியிலும் ஜயண்ட் ஸ்லாலத்திலும் அள்ளினார். கிளம்மர் காலத்தில் பெரும்பகுதி சூப்பர்-ஜியே கிடையாது என்பதை மறந்துவிட்டு ஒப்பிடுவது முறையல்ல. டவுன்ஹில்லை மட்டும் எடுத்தால் மையர் 15. அங்கே வாதமே இல்லை.

25 என்ற எண்ணிக்கை என்றைக்காவது முறியுமா?

முறியலாம், ஆனால் சுலபமில்லை. ஆண்களில் அவருக்குப் பின்னால் நெடுங்காலம் நின்றவர் சுவிட்சர்லாந்தின் பீட்டர் முல்லர், 19. அடுத்து ஆஸ்திரியாவின் ஸ்டெஃபான் எபர்ஹார்ட்டர், 18. ஒரு பருவத்தில் ஆண்களுக்கு நடப்பது பத்துப் பந்தயம் அளவுதான். பனி போதாமலும் காற்று மிகுந்தும் அவற்றிலும் சில ரத்தாகின்றன. ஆண்டுக்கு மூன்று வென்றால் அது சிறந்த பருவம். அப்படி எட்டு ஆண்டு வென்றாலும் 24தான் ஆகும். அந்த எட்டு ஆண்டில் முழங்கால் ஒருமுறைகூட உடையாமல் இருக்க வேண்டும்.